அடியில் என்ன நிறம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேல்மாடிக்குத் தளம் போடுவதாக இருந்தது. பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது. திருஷ்டிப் பூசணிக்காய் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. கலவை வண்டிக்காரன் விடிந்ததும் வந்துவிடுவேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டான். இத்தனையும் ஆன பிறகு, சனிக்கிழமை மதியம், கட்டடத்துக்குச் சொந்தக்காரியான சரோஜா ஒரு பழைய மேப்பைப் பார்க்க ஷேர் ஆட்டோ ஏறினாள். வேலைவெட்டி இல்லாதவள் செய்கிற காரியம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரு விஷயம் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

கட்டடம் என்றால் அவர்கள் குடியிருக்கிற வீடு அல்ல. ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுக்குப் போகிற வழியில், ஏரிக்கு இந்தப் பக்கம், அவளும் அவள் புருஷன் கன்னியப்பனும் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற லேடீஸ் ஹாஸ்டல். ஹாஸ்டல் என்று பெயர்ப்பலகைதான் பெருமையடித்துக்கொள்ளும். உள்ளே வரிசையாக ரூம்கள், ரூமுக்கு இரண்டு மூன்று கட்டில்கள், பொதுவில் குளியலறை. செல்போன் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கும் தெக்கத்திப் பெண்கள் கீழேயும் மேலேயும் நிறைந்திருந்தார்கள். புதிதாக இன்னொரு கம்பெனி வருகிறது என்று பேச்சு அடிபட்டதும், இன்னொரு மாடி எழுப்பிவிடலாம் என்று கன்னியப்பன் முடிவெடுத்தான். அவனே மேஸ்திரி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகள் அவன் கைபட்டவை. அவன் முடிவெடுத்தால் எடுத்ததுதான்.

அரித்தது ஒரு வெடிப்பு. கீழே மூலை ரூமில், ஜன்னலுக்குப் பக்கத்தில், வருஷா வருஷம் மழைக்காலம் முடிந்ததும் சுவரில் ஒரு கோடு தலைகாட்டும். கன்னியப்பன் பொங்கலுக்கு முன்னால் வந்து பட்டி வைத்து அடைத்து, மேலே பெயின்ட் அடித்துவிடுவான். "பூச்சு வெடிப்பு. பூச்சுன்னு இருந்தா வெடிக்கத்தான் செய்யும்" என்பான். சரோஜாவும் நம்பினாள். மேஸ்திரி பெண்டாட்டி சுவர் விஷயத்தில் புருஷனை நம்பாமல் வேறு யாரை நம்புவாள்?

ஆனால் போன வாரம் அந்த ரூம் கதவு சாத்த மறுத்தது. கதவு உப்பியிருக்கும், இழைத்துவிடலாம் என்று தச்சரைக் கூட்டிவந்தாள். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கதவு சரியாத்தாம்மா கீது. சட்டம்தான் கோணிகினு கீது" என்று சொல்லி, கோணலுக்குத் தக்கபடி கதவைச் சீவிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து சரோஜாவுக்குச் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை. சட்டம் எப்படிக் கோணும்? யாரிடம் கேட்பது? மேஸ்திரி வீட்டுக்கு இன்ஜினியரைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும், கன்னியப்பன் வெளியில் தலைகாட்ட முடியாது.

அப்போதுதான் அந்த மேப் வந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில், நூறு வருஷத்துக்கும் மேலே பழைய நிலவியல் மேப் ஒன்றைச் சென்னையிலிருந்து கொண்டுவந்து பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் படம் சுற்றியது. 'உங்கள் ஊருக்கு அடியில் என்ன இருக்கிறது? வந்து பாருங்கள்' என்று போட்டிருந்தார்கள். இப்படிப் போட்டால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? தங்கம் புதைந்திருக்கிற இடமெல்லாம் அதில் குறித்திருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட, ஊரே கிளம்பிவிட்டது. பக்கத்து வீட்டு லூர்தம்மாளும் அதற்காகத்தான் ஷேர் ஆட்டோவில் சரோஜாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சரோஜா தங்கத்துக்காகப் போகவில்லை. உண்மையைச் சொன்னால், தெரிந்துகொள்வதற்காகவும் போகவில்லை. படித்தவர் யாராவது ஒருவர், "உங்க மண்ணுக்கு ஒரு குறையும் இல்லம்மா, தைரியமா கட்டுங்க" என்று சொல்லி அனுப்ப வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு வந்து, நாளைக்குத் தளம் போடும்போது நிம்மதியாகத் தேங்காய் உடைக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

கல்லூரி ஹாலில் கூட்டம் நெரிந்தது. கண்ணாடி போட்டு நிறுத்தியிருந்த மேப், கட்டிலில் விரிக்கிற போர்வை அளவுக்கு இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் தங்கள் ஊரைத் தேடி விரலை வைத்து வைத்து, கண்ணாடி முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. யாரோ ஒரு புண்ணியவதி, தன் ஊர் அம்மன் கோயில் இருக்கவேண்டிய இடத்தில் குங்குமம் வேறு வைத்துவிட்டுப் போயிருந்தாள். இரண்டு பிளாட் புரோக்கர்கள், எந்த நிறத்துக்கு எவ்வளவு விலை சொல்லலாம் என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொண்டு செல்போனில் படம் எடுத்தார்கள்.

பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தவர் நிலவன் என்ற விரிவுரையாளர். நாள் பூராவும் கத்தியதில் குரல் கட்டியிருந்தது. ஆனாலும் அந்த மேப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் முகம் மலர்ந்துவிடும்.

"இது அச்சுல போட்ட கலர் இல்லீங்க, கையால பூசினது. இதோ பாருங்க, பிரஷ் கோட்டைத் தாண்டி வெளியில போயிருக்கு. குதிரையிலயும் நடந்துமா ஊர் ஊராப் போயி, கிணறு வெட்டின மண்ணு, ஓடை அரிச்ச கரை எல்லாத்தையும் பார்த்து, எங்கெங்க என்ன பாறை, என்ன மண்ணுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கலர் கொடுத்திருக்காங்க."

"தங்கத்துக்கு இன்னா கலருங்க?" என்று கேட்டாள் லூர்தம்மாள்.

"தங்கம் இல்லம்மா."

"ஒரு பொட்டுகூடவா?"

"ஒரு பொட்டுகூட இல்லம்மா."

லூர்தம்மாளுக்கு முகம் சுருங்கிப்போனது. சரி, நம்ம மாதா கோயிலாவது இருக்கிறதா என்று தேடினாள். கோயில் கட்டுவதற்கு முன்னால் போட்ட மேப் என்று நிலவன் சொன்னதும், இதற்கா ஆட்டோ பிடித்து வந்தோம் என்கிற பார்வையோடு சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு நின்றாள்.

சரோஜா முதலில் ரோட்டைத் தேடினாள். அவளுக்கு எந்த இடத்தையும் ஒரகடம் வழியாகப் போகிற பெரிய ரோட்டை வைத்துத்தான் தெரியும். மேப்பில் ரோடும் இல்லை, கம்பெனியும் இல்லை. ஏரிகள் மட்டும் நீலமாக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. நிலவன்தான் ஏரியை வைத்து அவள் இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

"இங்கதான் வரும். ஏரிக்குக் கிழக்கால, இந்த வளைவுகிட்ட."

அவர் விரல் வைத்த இடம் பச்சை கலந்த பழுப்பாக இருந்தது, பாசி பிடித்த சுவர் மாதிரி. சரோஜா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சார், இந்தக் கலர்ல வூடு கட்டலாங்களா?"

காலையிலிருந்து எத்தனையோ பேர் கேட்ட கேள்விதான் போலும். நிலவன் சிரித்தார். "இந்த மேப்பைப் பார்த்துட்டு வீடு கட்டவும் கூடாது, இடிக்கவும் கூடாதும்மா. ஒரு ஊர் முழுசுக்கும் ஒரே கலர் பூசியிருக்கும். நடுவுல மண்ணு மாறியிருக்கலாம். ஆனா பொதுவா இந்தக் கலர் வந்தா களிமண் அடுக்குன்னு அர்த்தம். மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். மேல நிக்கிற செவுத்தைக் கொஞ்சங்கொஞ்சமா அசைச்சுக்கிட்டே இருக்கும். கதவு சாத்தாது, ஜன்னல் மூலையிலருந்து வெடிப்பு விடும்."

சரோஜாவுக்கு, யாரோ இந்த மனுஷனிடம் முன்னாலேயே வந்து மூலை ரூமைப் பற்றிக் கோள் சொல்லிவிட்டுப் போன மாதிரி இருந்தது. ஆனால் அவளிடம் ஒரு பதில் இருந்தது. அதைத்தான் வழியெல்லாம் மனசுக்குள் உருட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"எங்க எடத்துல களிமண்ணு இல்லீங்க சார். கடக்கால் தோண்டும்போது நானே நின்னு பாத்தேன். கெட்டிச் செம்மண்ணு. சரளை. எங்க வூட்டுக்காரரு மேஸ்திரி. கடப்பாரைய போட்டா ணங்குணங்குன்னு சத்தம் வரணும், அப்பத்தான் அந்த எடத்துல கடக்கால் நிறுத்துவாரு. அப்பிடித்தான் சத்தம் வந்துச்சு."

"அப்படியா? அப்ப நல்லதும்மா" என்றார் நிலவன். "தோண்டிப் பார்த்தவங்க சொல்றதுதான் நிஜம். மேப்பைவிட அதுதான் பெரிசு."

அந்த ஒரு நிமிஷம் சரோஜா அனுபவித்த நிம்மதியை அவள் ஆயுசுக்கும் மறக்க முடியாது. நெஞ்சிலிருந்து கல்லை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். திரும்பியிருந்தால் கதை வேறு.

நிலவன்தான் விடவில்லை. நல்ல வாத்தியார்களிடம் இருக்கிற கெட்ட பழக்கம் அது. சந்தேகம் வந்துவிட்டால் சும்மா இருக்கத் தெரியாது. மேப்பை இன்னொரு முறை குனிந்து பார்த்தார். "ஆனா ஒண்ணும்மா. செம்மண் சரளைக்கு இவங்க செங்கல் கலர் கொடுத்திருக்காங்க. அது பாருங்க, இங்கதான் இருக்கு. இப்ப காஞ்சிபுரம் ரோடு போற இடத்துக்கு அந்தப் பக்கம். உங்க ஏரியைச் சுத்தி எங்கயும் காணோமே. உங்க நிலத்துக்கு மட்டும் செம்மண் எப்படி வந்துச்சு?"

"லாரில வந்துச்சு" என்றாள் லூர்தம்மாள்.

அவள் வெகுளியாகத்தான் சொன்னாள். விசிறிக்கொண்டே, ஏதோ தனக்குத் தெரிந்த ஒரு கேள்வி கடைசியில் வந்துவிட்ட குஷியில் சொன்னாள். "பெரிய ரோடு போட்டாங்கல்ல சார், அப்ப காண்ட்ராக்டருகாரன் இவங்க நெலத்துலதான் லாரி நிறுத்திகினு இருந்தான். பள்ளமா, சேறா இருந்துச்சு. வண்டி புதையுதுன்னு செம்மண்ணு கொட்டி ரோலர வுட்டு ஓட்டி கெட்டியாக்கிகினான். லோடு லோடா கொட்டினான். போவும்போது அப்பிடியே வுட்டுட்டுப் போய்ட்டான். காசில்லாம நெலம் மேடாச்சேன்னு இவளுக்கு அப்ப இன்னா சந்தோஷம்ன்றீங்க!"

நிலவன் சரோஜாவைப் பார்த்தார். சரோஜா மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ரோலர் ஓட்டினவனுக்கு அவளே எத்தனையோ நாள் மோர் கொடுத்திருக்கிறாள். கன்னியப்பன் அப்போது மறைமலை நகரில் ஏதோ கட்டட வேலையில் இருந்தான், வாரத்துக்கு ஒரு நாள் வருவான். நிலம் மேடாகிவிட்டது என்று அவனிடம் சொன்னபோது, "சாமி குடுத்தது" என்றான். நாலைந்து மழை போய், புல் முளைத்து, அது அவர்கள் நிலத்தின் மண்ணாகவே ஆகிவிட்டது. கடக்கால் தோண்டும்போது இரண்டு பேருமே கூட இருந்தார்கள். கடப்பாரை ணங்கென்றதும் கன்னியப்பன் காதைத் திருப்பிக் கேட்டு, "போதும்டா, நிறுத்து" என்றான். அது ரோலர் ஏறி இறுகின மண்ணின் சத்தம் என்று அவனுக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

"ஒரு குழி தோண்டிப் பாருங்கம்மா" என்றார் நிலவன் தணிந்த குரலில். "அந்தச் செம்மண்ணுக்கு அடியில என்ன இருக்குன்னு தெரிஞ்சிடும். நல்ல இன்ஜினியர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. அதுவரைக்கும் மேல பாரம் எதுவும் ஏத்தாதீங்க."

பாரம். நாளைக்குக் காலையில்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் லூர்தம்மாள் வாய் திறக்கவில்லை. அவள் வாய் திறக்காமல் வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஒரகடம் ஜங்ஷன் தாண்டினதும் சரோஜாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் இன்னாத்தியோ ஒளறிட்டேன் சரோஜா. மனசுல வெச்சுக்காத. இன்னிக்கி கன்னியப்பன்கிட்ட ஒண்ணும் சொல்லாத. தளம் போட்ற நேரத்துல அபசகுனமா பேசக் கூடாது. போட்டு முடிச்சிட்டு, ஆற அமர இஞ்சினியர கூட்டியாந்து காட்டிக்கலாம்."

"போட்டு முடிச்சிட்டா, லூர்துக்கா?"

லூர்தம்மாள் பிடித்த கையை விட்டுவிட்டாள்.

கன்னியப்பன் மேலே, கம்பி கட்டி முடித்திருந்த சென்ட்ரிங் பலகை மீது நின்று, நூல் பிடித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். புது லுங்கி, புது பனியன். நாளைக்கு மாப்பிள்ளை அவன்தானே. சரோஜா மூச்சு வாங்கப் படியேறி வந்து, கேட்டதை எல்லாம் கேட்டபடி சொன்னாள். அழகாகச் சொல்லத் தெரியவில்லை. களிமண், லாரி, ரோலர், செங்கல் கலர் என்று முன்னும் பின்னுமாகக் கொட்டினாள். கன்னியப்பன் நூலைச் சுற்றிக்கொண்டே கேட்டான்.

"எவனோ வெள்ளக்காரன் குதிரைல வந்து வரைஞ்சிட்டுப் போன படத்த நம்பி, நான் வேலைய நிறுத்தணுமா?"

"படத்த நம்ப வாணாம்யா. லாரி வந்தது நெசந்தானே? நானும் நீயும் பாத்ததுதானே?"

"எத்தினி வூடு கட்டிகிறேன் தெர்யுமா? ஒரு வூடு சாஞ்சுதா? இந்தக் காதால கேட்டுக் கேட்டு வெச்ச கடக்கால்டி எல்லாம்."

"அந்த வூட்டுக்கெல்லாம் கீழ மண்ணக் கேட்டிருப்ப. இங்க ரோலர் ஓட்டின ரோட்டக் கேட்டிருக்க."

அவன் முகத்தில் அறைந்தாற்போல் ஆயிற்று. அப்புறம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். "வண்டிக்குச் சொல்லியாச்சு, ஆளுங்களுக்குச் சொல்லியாச்சு, சொந்தக்காரங்களக் கூப்ட்டாச்சு. போய் வேலையப் பாரு. நாளைக்குப் பேசிக்கலாம்."

நாளைக்கு. எல்லாரும் நாளைக்கு என்றுதான் சொல்கிறார்கள். சரோஜாவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவனோடு மல்லுக்கட்டி ஜெயிக்க முடியாது என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரியும். ஆனால் கீழே மூலை ரூமில் இரண்டு பெண் பிள்ளைகள் படுத்து எழுந்திருக்கிறார்கள். அவர்களையாவது இப்போதே வேறு ரூமுக்கு மாற்றிவிட வேண்டும் என்று விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

பூமாரியும் செல்வலட்சுமியும் ரூமில்தான் இருந்தார்கள். அன்றைக்கு வார லீவு. பூமாரி நகத்துக்குப் பாலிஷ் வைத்துக்கொண்டிருந்தாள், செல்வலட்சுமி யூனிபார்ம் துவைத்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஊர் நாங்குநேரிப் பக்கம், செல்போன் கம்பெனியில் ஒரே லைனில் வேலை.

"வாங்கக்கா" என்று எழுந்தாள் பூமாரி.

சரோஜா நேராக ஜன்னலுக்குப் பக்கத்தில் போனாள். அங்கே சுவரை மறைத்து ஒரு பூப்போட்ட பெட்ஷீட் தொங்கியது. தச்சர் வந்த அன்றுகூட அது அங்கேதான் தொங்கியது, அழகுக்கு மாட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். கை வைத்தபோது, "எக்கா, அத எடுக்காதிய" என்று செல்வலட்சுமி குரல் கொடுத்தாள். அதற்குள் சரோஜா எடுத்துவிட்டாள்.

வெடிப்பு ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பி, படி இறங்குகிற மாதிரி மடங்கி மடங்கி, தரை வரைக்கும் வந்திருந்தது. கன்னியப்பன் வைத்த பட்டி அதன் இரண்டு பக்கமும் உதடு மாதிரிப் பிரிந்து நின்றது. அதைவிட அவளை நடுங்க வைத்தது வேறொன்று. வெடிப்புக்குக் குறுக்கே, ஒரு ஜாண் விட்டு ஒரு ஜாண், சிவப்பு நகப் பாலிஷால் சின்னச் சின்னக் கோடுகள் போட்டிருந்தன. எல்லாக் கோடும் நடுவில் அறுந்து, இடதுபாதி ஒரு உயரத்திலும் வலதுபாதி ஒரு உயரத்திலுமாக நின்றன.

"இன்னாடி இது?"

இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பூமாரிதான் சொன்னாள். "எங்க லைன்ல ஸ்க்ரூ முடுக்கினதும் அது மேல ஒரு கோடு போடுவோம்லாக்கா. ஸ்க்ரூ மேல பாதி, பாடி மேல பாதி. பொறவு செக் பண்ணுதவங்க வந்து பாப்பாவ. கோடு நேரா இருந்தா ஸ்க்ரூ அசையல. விலகிருந்தா லூசாயிட்டுன்னு அர்த்தம். அதே மாதிரி போட்டுப் பாத்தோம்."

"எப்ப போட்டது?"

"அண்ணன் பொங்கலுக்குப் பூசிட்டுப் போனாவல்லா, அன்னைக்குச் சாயங்காலமே."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?" சரோஜா அவர்கள் பக்கம் திரும்பினாள். "மேல வுழுந்தா இன்னாடி ஆவும்? சொல்றதுக்கு இன்னா?"

பூமாரி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம் சாட்டுவது ஒன்றும் இல்லை, உண்மையாகவே ஆச்சரியம்தான் இருந்தது. "உங்களுக்குத் தெரியும்னுல்லாக்கா நெனச்சோம். தெரிஞ்சுதான் வருஷா வருஷம் பூசுதியன்னு."

சரோஜா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தெரிந்திருந்ததா? தச்சர் சொன்னதற்கு முன்னால், மேப்புக்கு முன்னால், எங்கோ ஒரு மூலையில் தெரிந்துதான் இருந்ததா? அவளால் நிச்சயமாக இல்லை என்று சொல்ல முடியவில்லை. அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது.

வாடகைக்காரப் பெண்களிடம் இவள் போய் எதையாவது உளறிவிடப் போகிறாள் என்று பயந்து கன்னியப்பன் பின்னாலேயே இறங்கி வந்திருந்தான். வாசற்படியில் நின்றபடியே சுவரைப் பார்த்தான். கோடுகளைப் பார்த்தான். பூமாரி சொன்னதும் அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். ரூமுக்குள் வந்து, சுவருக்கு முன்னால் குந்தி, ஒரு கோட்டின் அறுந்த இரண்டு முனைகளையும் கட்டைவிரலால் தடவினான்.

"இது பட்டி மேல போட்டதாம்மா? சொவுத்து மேல இல்லியே?"

"பட்டி மேலதாண்ணே. காஞ்ச பொறவு."

மேஸ்திரிக்கு அதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. பூச்சு வெடித்தால் பூச்சுதான் பிளக்கும், இப்படி ஒரு பக்கம் கீழே இறங்காது. கன்னியப்பன் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது அவன் புது பனியன் முதுகில் வேர்வையாக ஒட்டியிருந்தது. செல்போனை எடுத்து வெளியே போனான். கலவை வண்டிக்காரனிடம் அவன் பேசுவது உள்ளே கேட்டது. "வாணாம்ப்பா... இல்லப்பா, வேற நாளும் இல்ல... வாணாம்னா வுடேன்." அந்தக் குரலில் அவன் யாரிடமும் பேசி சரோஜா கேட்டதில்லை. அவன் மேல் இருந்த கோபமெல்லாம் போய், பாவமாக இருந்தது.

விஷயம் பரவி, மற்ற ரூம் பெண்களும் வராந்தாவில் கூடிவிட்டார்கள். கன்னியப்பன் திரும்பி வந்து யாரையும் பார்க்காமல் சொன்னான். "மேல மாடி போடல. கம்பிய அவுத்துடறேன்."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. பூமாரியின் முகம் தெளிந்தது. அவள்தான் கேட்டாள். "அப்பம் பாரம் ஏறாதுல்லாக்கா? நாங்க இப்படியே இருந்துக்கிடலாம்லா?"

"இருங்களேன்" என்று கன்னியப்பன் முணுமுணுத்தான். "ரெண்டு மாடிதானே. நிக்கும். அந்த மூலைய மட்டும் தோண்டி, கான்கிரீட் போட்டு முட்டுக் குடுத்துட்டா, பத்து வருசம்கூட நிக்கும்." சொல்லிவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை. நிக்கும் என்று அவளும் சொல்லிவிட்டால் போதும், அவன் மானம் தப்பும். பெண்களும் அவளைத்தான் பார்த்தார்கள்.

சரி என்று சொல்வது எவ்வளவு சுலபம்! எல்லாருக்கும் சந்தோஷமாக இருக்கும். மழைக்காலம் வர இன்னும் நாள் இருக்கிறது.

"இல்ல" என்றாள். "எல்லாரும் காலி பண்ணணும். மூலை ரூமு இன்னிக்கே. மத்தவங்க வேற எடம் பாத்துகினு, மழைக்கு முன்னாடி."

"சரோஜா" என்றான் கன்னியப்பன்.

"உனுக்கு நிக்கும்னு தெர்யுமாய்யா? இல்ல, இதையும் காதால கேட்டியா?"

அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று கேட்ட உடனேயே தோன்றியது. கன்னியப்பன் படியேறி மேலே போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் கம்பிக் கட்டுகளை வெட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.

பூமாரி அழுதாள். செல்வலட்சுமிக்கு அக்காள் ஒருத்தி ஸ்ரீபெரும்புதூரில் இருந்தாள், அங்கே போய்விடலாம். பூமாரிக்கு இந்தப் பக்கம் யாரும் இல்லை. கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், பொம்பளப் பிள்ளைகள் மட்டும் இருக்கிற இடம் என்று பார்த்துத்தான் அவள் அப்பா இங்கே விட்டுப் போயிருந்தார். "எடம் மாறுதேன்னு சொன்னா எங்கய்யா விடமாட்டாவக்கா. வேலை பாத்தது போதும், வந்துருன்னு சொல்லிருவாவ. அங்கன மாப்பிள்ளை பாத்து வச்சிருக்காவ. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும்க்கா. எங்கய்யாட்ட நீங்களாவது சொல்லுங்க."

சரோஜாவே போனில் பேசினாள். வேறு நல்ல ஹாஸ்டல் தேடிக் கொடுக்கிறேன், என் பொண்ணு மாதிரிப் பார்த்துக்கொள்கிறேன், பக்கத்து வீட்டு லூர்துக்காவிடம் ஒரு ரூம் இருக்கிறது என்று என்னென்னவோ சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து பூமாரியின் அப்பா மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க சொல்லுதது சரிதாம்மா. செவுரு வெடிச்ச எடத்துல இத்தன நாள் எம்புள்ள கெடந்துருக்கா. இனிமே நான் யாரை நம்பி விட? அனுப்பி வச்சிருங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம், தளம் போட்டுப் பந்தி நடந்துகொண்டிருக்க வேண்டிய நேரத்தில், பூமாரியின் பெட்டியைச் சரோஜாவே தூக்கிவந்து ஆட்டோவில் வைத்தாள். கம்பெனிக்கு இனி வரமாட்டேன் என்று பூமாரி சூப்பர்வைசருக்குச் சொல்லிவிட்டாளாம். செல்வலட்சுமி அவளைக் கட்டிக்கொண்டு நின்றாள். கன்னியப்பன் மேலே முட்டுக்கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான், இறங்கி வரவில்லை.

ஆட்டோ கிளம்பும்போது என்ன சொல்வதென்று தெரியாமல் சரோஜா கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "பத்திரமா போ, கண்ணு."

பூமாரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சண்டை போடுகிற குரலில் இல்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

"இங்கயும் நான் பத்திரமாத்தாம்க்கா இருந்தேன்."